எந்த டவரிலும் இல்லாத மத்தியானம்

என் மனைவி கோலாலம்பூரில் இறங்கிய செய்தியை நான் வடலூரில் இறங்கித் தெரிந்துகொண்டேன். நியாயமாகப் பார்த்தால் நான் நெய்வேலி ஆர்ச்சில் இறங்கியிருக்க வேண்டும். சென்னையில் அவளை விமானம் ஏற்றிவிட்டு, பஸ் பிடித்து, ஜன்னலில் தலையைச் சாய்த்தவனுக்குப் பண்ருட்டி போனதும் தெரியவில்லை, ஆர்ச் போனதும் தெரியவில்லை. விடியற்காலையில் சட்டைப் பைக்குள் போன் ஒரே ஒரு முறை துடித்து அடங்கியது. கண்ணைத் திறந்தால் வடலூர் பஸ் நிலையம், பனியில் பாதி கரைந்துபோய் நிற்கிறது. திரையில் அவள் எண். மிஸ்டு கால்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "நெய்வேலி டிக்கெட்டுதான சார் நீங்க? கும்பகோணம் வரைக்கும் வரீங்களா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவி கடல் தாண்டி ஒரு நாட்டில் கால் வைத்து, அங்கிருந்து என் சட்டைப் பையைத் தட்டியிருக்கிறாள். அந்தப் பெருமையில் நான் தேவைப்பட்டால் கும்பகோணத்திலிருந்துகூட நடந்தே வந்திருப்பேன்.

மிஸ்டு கால் எங்கள் வீட்டின் குடும்பச் சொத்து. சுரங்கத்திலிருந்து ஷிப்ட் பஸ் எங்கள் பிளாக்கை நெருங்கும்போது நான் ஒரு மணி அடித்துவிட்டு வைப்பேன். நான் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தோசைக்கல் சூடாகியிருக்கும். நான் கடைத்தெருவில் இருக்கும்போது அவள் அடித்துவிட்டு வைத்தால், எதையோ மறந்துவிட்டேன் என்று அர்த்தம். எதை என்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் கறிவேப்பிலை. ஒரு காலத்தில் பேசினால் காசு போகும் என்பதற்காக ஆரம்பித்த பழக்கம். பிறகு பேச்சு இலவசமாகிவிட்டது, நாள் முழுக்கப் பேசினாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அவள் மாறவில்லை. நான் எடுத்துவிடப் போகிறேனோ என்ற பயத்தோடு அடித்து, சட்டென்று வைத்துவிடுவாள். எடுத்துவிட்டால், "எதுக்கு எடுத்தீங்க?" என்று சண்டை வேறு.

அவள் போனது ஜப்பானுக்கு. எங்கள் ஒரே மகள் அங்கே தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். முறைப்படி மகள்தான் தாய் வீட்டுக்கு வர வேண்டும். பயணம் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டதால், தாய் வீடே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று எதுவும் இல்லை, பிரசவத்துக்கு இன்னும் நாளிருந்தது. மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வருவார், கூட்டிக்கொண்டு போவார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் கோலாலம்பூரில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதுதான்.

வீட்டில் இருந்தது ஒரு ஸ்மார்ட் போன், ஒரு பட்டன் போன். ஸ்மார்ட் போனை எடுத்துக்கொள் என்று நான் சொன்னேன். "கொழந்த பொறந்தா நீங்க எதுல பாப்பீங்க? நான் போயி நேர்லயே பாக்கப் போறேன். அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று பட்டன் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அந்த போன் சுரங்கத்துச் செம்மண்ணைத் தின்றிருக்கிறது, சாம்பார் குடித்திருக்கிறது, மொட்டை மாடியிலிருந்து விழுந்து மறுபடி அலாரம் அடித்திருக்கிறது. அதற்கு வடலூரில் ஒரு கடையில் ரோமிங் போட்டு, அவள் கையில் கொடுத்து, "உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் இது எடுக்கும்" என்று நான் பேசிய பேச்சில், அந்த போனே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கும்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. எங்கள் பிளாக்கின் வாட்ஸப் குழுவில் எச்சரிக்கைத் துறை என் வசம் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். எந்த லிங்க்கைத் தொடக்கூடாது, எந்த நம்பருக்குத் திருப்பிப் பேசக்கூடாது என்று காலையும் மாலையும் அறிக்கை விடுவேன். வழியனுப்பும்போதும் அந்த அமைச்சர் வாயை மூடவில்லை. "மாப்பிள்ளையத் தவிர யார் கூப்பிட்டாலும் போகாத. போர்டு பிடிச்சிகிட்டு நிப்பான், உன் பேரையே போட்டிருப்பான், நம்பாத. போனை நீட்டி 'பேசுங்க'ன்னு சொல்லுவான், கையால தொடாத. உதவி வேணும்னா தானா வர்றவன்கிட்ட கேக்காத. நீயா போயி ஒரு பொம்பளைகிட்ட கேளு." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கல்யாணமானதிலிருந்து அவள் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அதுதான் பிற்பாடு வினையாக வந்தது.

வடலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தேன். அந்த நேரத்து நெய்வேலி எனக்கு எப்போதும் முழுசாக விழித்திராத ஊர். சாலைக்கு இரண்டு பக்கமும் மரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தூங்கும். அனல்மின் நிலையத்துக் குளிரூட்டும் கோபுரங்களிலிருந்து நீராவி எழுந்து, தன்னை மேகம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகக் கிளம்பும். சைக்கிளில் போகிறவர்கள் பனிக்குள் நுழைந்து காணாமல் போய், அடுத்த பிளாக்கின் முனையில் வேறு ஆளாக வெளியே வருவார்கள். மதில்மேல் ஒரு மயில், ராத்திரி ஷிப்ட் முடித்த ஆள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் லீவு போட்டிருந்தேன். குளித்து, சமையலறையில் அவள் மூடிவைத்துவிட்டுப் போன புளிசாதத்தைத் தின்று, ஃபேனைச் சுழலவிட்டுப் படுத்தேன். ஷிப்ட்காரனுக்குப் பகல் தூக்கம் கைவந்த கலை. வெயிலே எனக்குப் போர்வை.

கனவில் பெல்ட் ஓடியது. நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் பாதி ஆயுசைக் கழித்தவன். கனவில் பெல்ட் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அன்றைக்கு வந்த பெல்ட்டில் பழுப்பு நிலக்கரியோடு பெட்டிகளும் வந்தன, சீட்டு கட்டிய விமான நிலையப் பெட்டிகள். ஒரு பெட்டியின் மேல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், மடியில் கைப்பை, முட்டிகளை ஒட்டவைத்து, பஸ்ஸில் உட்காருகிற அதே பவ்யம். பெல்ட் அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது, பனிக்குள் போனது. நான் அவசரத்துக்கு இழுக்கிற கயிற்றை இழுத்தேன். பெல்ட் நிற்கவில்லை. கயிறுதான் நூல்கண்டு மாதிரி முடிவில்லாமல் என் கைக்கு வந்துகொண்டே இருந்தது. அப்போது பெல்ட் கிளம்பும் முன் அடிக்கிற மணி ஒரு முறை அடித்து நின்றது.

விழித்தேன். மணி அடித்தது போன். தெரியாத எண், முன்னால் பிளஸ் போட்டு ஏதோ வெளிநாடு. ஒரே ஒரு மணி.

"வந்துட்டான்டா" என்று எனக்குள் அமைச்சர் எழுந்து உட்கார்ந்தார். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு மணி அடித்து வைப்பான், ஆசையில் திருப்பிக் கூப்பிட்டால் காசை உருவிவிடுவான் என்று போன வாரம்தான் குழுவில் அறிக்கை விட்டிருந்தேன். அரைக்கண்ணோடு அந்த எண்ணை பிளாக் செய்தேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு திரும்பிப் படுத்தேன். பெல்ட் எனக்காகக் காத்திருந்தது. கொஞ்சநேரத்தில் இன்னொரு எண், அதே பிளஸ், அதே ஒரு மணி. அதையும் பிளாக். மூன்றாவதாக ஒன்று. "கூட்டமாத்தான் வந்துருக்கானுங்க" என்று சிரித்துக்கொண்டே அதையும் பிளாக் செய்தேன். என் மனைவி இந்நேரம் ஏதோ ஒரு கடலுக்கு மேலே, மேகத்தின் மேல், கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது மிக இனிமையாக இருந்தது. நேர வித்தியாசத்தை நான் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்திருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

நாலாவது முறை அடித்தது நிற்கவில்லை. மாப்பிள்ளை, வாட்ஸப்பில்.

"மாமா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்டு டென்ஷன் ஆகாத மாமனார் இன்னும் பிறக்கவில்லை. நான் கட்டிலில் எழுந்து நின்றேன். உட்காரவில்லை, நின்றேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடுவது நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

"இன்னிக்கு காலைலேயே வலி வந்துடுச்சு மாமா. அட்மிட் பண்ணிட்டோம். நல்லாத்தான் இருக்கா, டாக்டர் பயப்பட ஒண்ணும் இல்லங்கிறாங்க. ஆனா நிமிஷத்துக்கு ஒரு தடவை 'அம்மா வந்தாச்சா'ன்னு கேக்குறா. அத்தை பக்கத்துல இல்லாம மாட்டேன்னு அடம். என்னால இவள விட்டுட்டு ஏர்போர்ட் போக முடியல."

"அப்ப அவ?"

"அத்தை இறங்கியாச்சு மாமா. ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தர அனுப்புனேன், வடநாட்டுப் பையன். அத்தை பேரு போட்ட போர்டோட நிக்கிறார். அத்தை அவர்கூட வரமாட்டேங்கிறாங்களாம். அவர் போனை நீட்டினா தொடவே மாட்டேங்கிறாங்க, மூஞ்சியத் திருப்பிக்கிறாங்களாம். அத்தை போனுக்குப் போட்டா லைனே போகல. அது என்ன போன் மாமா?"

"பட்டன் போன். ரோமிங் போட்டிருக்கேனே மாப்ள. கோலாலம்பூர்ல எடுத்துச்சே!"

"அது டூஜி மாமா. நம்ம ஊர்லயும் மலேசியாலயும் இன்னும் ஓடுது. இங்க ஆரம்பத்துலேருந்தே சிஸ்டமே வேற. ரோமிங்குக்கு எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் ஆகாது. அந்த போன் பேசுற பாஷைய இந்த ஊரு டவர் எதுவும் எப்பவுமே பேசினதில்ல."

அந்த நேரத்திலும் என் மனசு அந்த போனைப் பார்த்தது. என் மனைவியின் கைப்பைக்குள், முந்திரிப் பொட்டலத்துக்கும் பிரசவ மருந்துக்கும் நடுவில், விளக்கு எரிய, ஒவ்வொரு டவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சந்தையில் தொலைந்தவன் போகிற வருகிற முகத்தையெல்லாம் பார்த்து "நம்ம ஊருங்களா?" என்று கேட்பதுபோல. டவர்கள் எல்லாம் மரியாதையாகக் குனிந்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கடந்து போகின்றன.

"யார்கிட்டயாவது போன் வாங்கி உங்களுக்குக் கூப்பிட்டாங்களா மாமா? எங்க நம்பர் அந்த போன்ல இருக்காதுல்ல, எல்லாம் வாட்ஸப்லதான."

"இல்ல மாப்ள. எனக்கு வந்ததெல்லாம் ஃப்ராடு காலுங்க. மூணு வந்துச்சு, மூணையும் பிளாக் பண்ணிட்டேன்" என்றேன். அந்தக் குரலில் அப்போதும் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

"என்ன நம்பர் மாமா?"

"பிளஸ் எண்பத்தொண்ணுன்னு ஆரம்பிக்குது."

"மாமா" என்றார் மிக மெதுவாக. "அது ஜப்பான்."

யாரோ அவரை உள்ளே கூப்பிட்டார்கள். "பேசி அவர்கூட வரச் சொல்லுங்க மாமா, ப்ளீஸ். நீங்க சொன்னாதான் கேப்பாங்க" என்று வைத்துவிட்டார்.

பதற்றத்தில் சிலருக்கு மூளை வேகமாக வேலை செய்யும் என்பார்கள். எனக்கு மூளைதான் முதல் பஸ்ஸில் ஏறிப் போகும். பிளாக் செய்த எண்களை எங்கே பார்ப்பது என்பது மறந்துவிட்டது. இவ்வளவு காலம் பிளாக் செய்யத்தான் ஊருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எடுப்பதை யாரும் கேட்டதில்லை. போனைத் தட்டத் தட்ட அது டார்ச்சைப் போட்டது, என் மூக்கைப் படமெடுத்தது, இன்றைய வானிலையைச் சொன்னது. அவள் பழைய நம்பருக்கே போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். "அம்மா, அவ எல்லைக்கு வெளியலாம் இல்லம்மா, அங்கதான் நிக்கிறா, எதிர்லயே ஆள் நிக்கிறான்" என்று அந்தப் பதிவுக் குரலிடம் நான் விளக்கம் சொன்னேன். பிறகு கைலியைப் பிடித்துக்கொண்டு எதிர் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன்.

எதிர் குவார்ட்டர்ஸ்காரர் என் ஷிப்ட் நண்பர், திருநெல்வேலிப் பக்கம். எங்கள் பிளாக்கில் அவர் 'வே' என்பார், பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் 'ஏனுங்' என்பார், எங்கள் வீட்டில் என் மனைவி 'வந்துகினு போய்கினு' என்பாள். வேலை கிடைத்து வந்தபோது ஆளுக்கொரு தமிழைப் பெட்டியில் கொண்டுவந்தோம். இன்று வரை யாருக்கும் யாரிடமும் சிக்னல் அறுந்ததில்லை. அந்த ஜப்பான் டவரை ஒரு மாதம் எங்கள் பிளாக்கில் குடிவைத்திருந்தால் பட்டன் போன் என்ன, அம்மிக்கல்லோடுகூட அது பேசியிருக்கும்.

"என்ன வே, கைலி ஒரு பக்கம் நீரு ஒரு பக்கம் வாரீரு?" என்றார் நண்பர்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எங்கேயோ இரண்டு தட்டுத் தட்டினார். பட்டியல் விரிந்தது. நீளமான பட்டியல். ஊரையே நாடு கடத்தியிருந்தேன்.

"இருக்கு வே, மூணும் இருக்கு. அதுக்குக் கீழ இது யாரு? என் நம்பர் மாதிரில்லா இருக்கு?"

அவர்தான். தினமும் விடிவதற்கு முன் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்புவார். ஷிப்ட் முடித்துத் தூங்குகிற நேரம். ஒரு நாள் கை பட்டுவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாதீரும். மொதல்ல வீட்டம்மாவப் பிடிப்போம். ஒம்மப் பொறவு கவனிச்சிக்கிடுதேன்."

மூன்றையும் விடுவித்தார். வடலூர்க் கடைக்காரர் என் போனிலும் வெளிநாட்டுக்குப் பேச வழி செய்து வைத்திருந்ததுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம். நான் முதலில் வந்த எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ரயில் ஓடுகிற சத்தம். "மை வைஃப்" என்றேன். அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள், அவ்வளவு பணிவாகச் சொன்னாள், நான் நின்ற இடத்திலேயே குனிந்துவிட்டேன். போனைக் கொடுத்து உதவிவிட்டுத் தன் ரயிலேறிப் போய்விட்டாள் என்று மட்டும் புரிந்தது.

"கடைசில வந்ததப் போடும் வே!" என்று நண்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசி எண் அடித்தது. எடுத்ததும் ஒரு வயதான பெண் குரல், பாத்திரங்கள் உரசும் ஓசை, யாரோ காசு கொடுக்கும் ஓசை, ஏதோ கடை. "மை வைஃப், ஸாரி, இந்தியா" என்றேன். அந்தப் பெண் "ஆ!" என்றாள். அது எந்த ஊர் பாஷையிலும் ஒரே "ஆ"தான். தேடிக்கொண்டிருந்தவர்கள் கிடைத்த "ஆ".

பிறகு ஒரு குரல் வந்தது.

"ஏங்க, எத்தினி வாட்டி குடுக்குறது? தூங்கினு இருந்தீங்களா?"

நான் நண்பர் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். "பேச வேண்டியதுதானே? ஏன் அடிச்சி அடிச்சி வைக்கிற?"

"நல்லா கீதே! அடுத்தவங்க போனு, வெளிநாட்டுக் காலு. அவங்க காசுல நான் பேசுவனா? மிஸ்டு கால் குடுத்தா நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்தா, ஆளயே காணும்."

"அது... லைன் கெடைக்கல" என்றேன். நண்பர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"மாப்பிள்ளையக் காணுங்க. இங்க ஒரு ஆளு எம் பேரு போட்ட போர்டு புடிச்சினு நிக்கிறான். நீங்க சொன்னீங்க பாரு, அச்சு அசலா அப்டியே. போன வேற நீட்டுறான். நான் திரும்பியே பாக்கல."

"அவன்தான்டி. மாப்பிள்ளை அனுப்புன ஆளுதான்."

"மாப்பிள்ள ஏன் வர்ல?"

இதை எப்படிச் சொல்வது என்று அந்த மூளைக்கு, பஸ்ஸேறிப் போன அந்த மூளைக்கு, தெரியவில்லை. "டென்ஷன் ஆகாத" என்று ஆரம்பித்தேன்.

"வலி எடுத்துடுச்சா?" என்றாள் உடனே.

"காலைல. அட்மிட் பண்ணியிருக்காங்க. நல்லா இருக்கா. உன்னத்தான் கேட்டுகிட்டே இருக்கா."

கடைப் பாத்திரங்களின் சத்தம் மட்டும், நீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல. எனக்கும் அவளுக்கும் நடுவில் எத்தனை கடல் கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு தூரத்தையும் தாண்டி அவள் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது, எங்கள் கட்டிலின் அந்த ஓரத்திலிருந்து கேட்பதைப்போல.

"அப்ப இந்த ஆளு கூட போவட்டுமா?" என்றாள்.

இப்போது பாருங்கள் கூத்தை. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்தபின், ஒரு சொல் சொன்னால் போதும் என்கிறபோது, எனக்குள் அமைச்சர் மறுபடி நாற்காலியில் ஏறிவிட்டார். யார் அந்தப் பையன்? நான் பார்த்திருக்கிறேனா? மாப்பிள்ளை அனுப்பிய ஆள் வேறு எங்கோ நின்று, இவன் வேறொருவனாக இருந்தால்? பழக்கமில்லாத நாடு, எல்லைக்கு வெளியே ஒரு போன், பெட்டி நிறைய முந்திரி.

"போனை அவன்கிட்ட குடு" என்றேன் கடுமையாக. "நான் விசாரிக்கிறேன்."

கால்கள் நடக்கும் சத்தம். பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம். பிறகு ஓர் இளைஞன் குரல், நான் வாயைத் திறக்கும் முன்பே: "அங்கிள், ஆல் ஃபைன், ஆல் ஃபைன்."

"யூ, ஹூ?" என்றேன். எனக்கு வந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

அவன் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். உங்கள் மாப்பிள்ளை முதலிலேயே சொல்லி அனுப்பினார், அங்கிள். ஆன்ட்டி பயப்பட மாட்டார்கள், அங்கிள்தான் பயப்படுவார், எடுத்தவுடன் எல்லாம் நலம் என்று இரண்டு முறை சொல், அதற்கப்புறம் எது வேண்டுமானாலும் பேசு என்றார்.

ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாவற்றையும் நண்பரும் கேட்டார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். இவ்வளவு துல்லியமாக என்னைத் தெரிந்துவைத்திருக்கும் ஆள் என் மாப்பிள்ளையைத் தவிர வேறு யார் இருக்க முடியும்? எந்த அடையாள அட்டையும் அதைவிடச் சான்று தந்திருக்காது.

போன் திரும்ப அவள் கைக்குப் போனது.

"விசாரிச்சாச்சா?" என்றாள்.

"ம். நல்ல பையன்தான்."

"அது எனக்கு அப்பவே தெரியும். எம்மாம் நேரமா ஒரே எடத்துல நின்னுகினு கீறான், பாவம். நான் மூஞ்சிய திருப்பிக்கிறேன், அவன் இந்தப் பக்கம் வந்து சிரிக்கிறான். மனசு கேக்காம கொஞ்சம் முந்திரி கூட குடுத்தேன். வாங்கி துன்னான்."

"தெரிஞ்சா போயிருக்க வேண்டியதுதானே!"

"நீங்க போவாதன்னு சொன்னீங்களே."

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷை என் சொல்தான், அதை அவள் கைப்பை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிற அளவுக்கு அது ஒன்றும் விலையுயர்ந்த சரக்கு இல்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

"போ" என்றேன். "சீக்கிரம் போ."

"செரி, வைக்கிறேன். இந்தம்மாவுக்குக் காசு ஆவுது."

"நான்தான்டி கூப்பிட்டேன், அவங்களுக்குக் காசு..." வைத்துவிட்டாள்.

நண்பர் டீ கொண்டுவந்தார். வெயில் இறங்கிவிட்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தோம். தண்ணீர் வாய்க்காலில் மர இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், வரிசையில் போயின. தூரத்தில் சுரங்கத்து யந்திரங்களின் ரீங்காரம். காது பழகிவிட்டால் அது சத்தமாகவே கேட்காது, நாள் மூச்சு விடுவதுபோலத்தான் இருக்கும்.

இப்போது அவள் மறுபடியும் எந்த டவரிலும் இல்லை. ஏதோ ஒரு காரிலோ ரயிலிலோ போகிறாள். கண்ணாடிக்கு வெளியே படிக்க முடியாத எழுத்துகள் விளக்காக எரிந்து ஓடுகின்றன. பக்கத்தில் முந்திரி தின்கிற ஒரு பையன். கைப்பைக்குள் அந்த போன், யாரும் பதில் சொல்லாத ஊரில், இன்னும் கூப்பிட்டுக்கொண்டே போகிறது. நான் நெய்வேலியில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, நானும் எங்கேயும் இல்லை. காருக்கும் இந்தப் படிக்கும் நடுவில் எங்கோ, தேடிக்கொண்டிருக்கிற ஒரு சிக்னல் கோடாக மிதந்தேன். பிரசவம் முந்திக்கொண்டுவிட்டால்? சாலையில் நெரிசல் இருந்தால்? மகள் எத்தனையாவது தடவையாக வாசலைப் பார்க்கிறாள்?

"பதறாதீரும்" என்றார் நண்பர்.

"பதறலையே" என்றேன். டீ டம்ளர் காலியாகி வெகுநேரமாகியும் நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜெனரல் ஷிப்ட் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக, முதலில் சிவப்பாக, பிறகு மஞ்சளாக எரிந்தன. கோயம்புத்தூர்க்காரர் வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தபோதுதான் போன் அடித்தது. மாப்பிள்ளை. எடுத்தேன். போனை அறையின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்போல. பின்னால் ஏதேதோ கருவிகள் ஒலித்தன, ஒரு பெண் ஜப்பானிய மொழியில் மெதுவாக எதையோ எண்ணினாள். அதற்கு மேலே, அந்த அறையையே நெய்வேலிக்குக் கொண்டுவந்துவிடுகிற ஒரு குரல்:

"ஒண்ணும் இல்லடி. நான்தான் வந்துட்டேன்ல. கையப் புடிச்சிக்க. நல்லா மூச்ச இழுத்து வுடு. அவ்ளோதான், அவ்ளோதான்."

"அத்தைகிட்ட குடுக்கட்டுமா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

அதற்குள் அவளே தூரத்திலிருந்து சொன்னது கேட்டது: "யாரு, உங்க மாமாவா? அப்பறமா பேசச் சொல்லுங்க. இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல."